பெயர்ப்பலகை இல்லாத சாப்பாட்டுக்கடை

கோர்தோபா நகரத்துச் சாப்பாட்டை ருசிப்பதற்கென்றே குடும்பத்தோடு கிளம்பி வந்த கசில்டாவுக்கு, அந்த ஊரில் கால் வைத்து இருபத்தாறு மணி நேரம் ஆகியும் அந்த ஊர்ச் சாப்பாடு ஒரு வாய் கிடைக்கவில்லை. ஊரில் பஞ்சம் ஒன்றுமில்லை. தடுக்கி விழுந்தால் ஓர் உணவகம், விழாமல் நடந்தால் இரண்டு. தெருவுக்குத் தெரு கத்தரிக்காய் எண்ணெயில் பொரியும் வாசனை வேறு. பஞ்சம் அவளுடைய கணவன் எலாதியோவின் உருவத்தில் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தது.

எலாதியோவுக்கு வடக்கே புர்கோஸ் நகரத்தில் நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் நிலத்தின் எல்லையைத் தாளில் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எது எங்கே முடிகிறது என்று தன்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குள் ஊறிவிட்டது. மற்றக் குடும்பங்கள் மே மாத விடுப்புக்குக் கடற்கரை, மாமியார் வீடு என்று போக, இவன் ஜனவரி மாதமே அறிவித்துவிட்டான்.

"இந்தத் தடவை நாம ஒரு ஊரையே தின்னப் போறோம்."

பதினாறு வயது மகள் ஹிமேனா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, "அந்த ஊருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

அடுத்த மூன்று மாதம் உட்கார்ந்து பத்தொன்பது பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினான். முதல் பக்கத்து முதல் வரியில் சிவப்பு மையில் அடிக்கோடு: சுற்றுலாப் பயணிகள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடுவதில்லை.

"அப்ப நாம யாரு?" என்றாள் ஹிமேனா.

"நாம பயணிகள்."

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"சுற்றுலா வர்றவன் கண்டதையும் தின்பான்."

பயணி ஒன்றையுமே தின்னமாட்டான் என்பது கோர்தோபா வந்து இறங்கிய அன்றே விளங்கிவிட்டது. முதல் கடையில் சாப்பாட்டுப் பட்டியலில் படம் போட்டிருந்தது. கூடாது. இரண்டாவது கடையில் வாசலில் ஒருவன் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டான். கூப்பிடுகிறவன் சோற்றில் கோளாறு இருக்கும். மூன்றாவது கடையில் கூட்டமே இல்லை. அதில் நிச்சயம் கோளாறு. நான்காவது கடையில் கூட்டம் அதிகம்; உற்றுப் பார்த்தால் பாதிப் பேர் செருப்புக்குள் சாக்ஸ் போட்டிருந்தார்கள், ஆக வெளிநாட்டுக்காரர்கள். இப்படியே தள்ளுபடி செய்துகொண்டு போனதில் மணி நாலரை ஆனது. ஊரிலுள்ள அடுப்பெல்லாம் அணைந்தது. தங்கும் விடுதியின் கீழ்த்தளத்தில், காசு போட்டால் பொட்டலம் தள்ளும் இயந்திரத்திடம் மூன்று உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றார்கள். சாயங்காலமும் அதே கதை. கடைசியில் மூலைக்கடை ஒன்றில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி வந்தான். உறையைப் பிரித்த கசில்டா அதன் மேலிருந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"புர்கோஸ் பாலாடைக்கட்டி."

அறுநூறு கிலோமீட்டர் ரயிலேறி வந்து, பக்கத்துத் தெருவில் கிடைக்கிற சாமானை மரியாதையாகத் தின்று முடித்தார்கள்.

மறுநாள் காலை கலாசாரத்துக்கு ஒதுக்கியிருந்தது. மெஸ்கிதா என்ற பழைய மசூதிக்குள் அந்தச் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளுக்கு அடியில் நின்று எலாதியோ ஒவ்வொரு தூணுக்கும் விளக்கம் சொன்னான். வயதான தம்பதி ஒன்று அவன் பின்னாலேயே பயபக்தியோடு வந்தது. நாற்பது தூண் தாண்டியதும் அந்தக் கிழவர் தயங்கித் தயங்கி அருகில் வந்து, கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அதுவும் எலாதியோவுக்குத் தெரிந்திருந்தது. தவறான பக்கத்தைச் சொன்னான்.

வெளியே வந்தபோது மணி இரண்டு. மே மாதத்திலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. புர்கோஸில் இந்நேரம் கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

"இன்னிக்கு நான் கண்ணுல படுற முதல் கடையில உக்காரப் போறேன்" என்றாள் கசில்டா. "அது செருப்புக் கடையா இருந்தாலும் சரி."

"பொறு. இன்னிக்கு உண்மையான இடம் ஒண்ணு இருக்கு" என்றான் எலாதியோ, ரகசியம் போல. "நேத்து டாக்ஸிக்காரன் சொன்னான். சான் லொரென்சோ பக்கம். பலகை கிடையாது. பட்டியல் கிடையாது. வீடு மாதிரியே இருக்குமாம். நீளமா ஒரு மேசை, எல்லாரும் கலந்து உக்காரணும். சமைச்சதைத்தான் போடுவாங்க."

"தெரு பேரு என்ன?"

அங்கேதான் சிக்கல். கோர்தோபாக்காரர்கள் ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுவார்கள். டாக்ஸிக்காரர் விழுங்கியது போக எலாதியோ காதில் விழுந்தது பாதித் தெருப் பெயர்தான். அந்தப் பாதிக்கு அந்தப் பேட்டையில் நான்கு தெருக்கள் பொருந்தின. மூன்றைச் சுற்றி முடித்தபோது மணி மூன்றரை.

அது, வீட்டு முற்றங்களைப் பூவால் அலங்கரித்துப் போட்டிக்கு வைக்கும் முற்றத்துத் திருவிழா நடக்கிற சமயம். போட்டியில் சேர்ந்த வீடுகளின் முன்னால் வரிசை நின்றது. உள்ளே சுவர் முழுக்கத் தொங்கும் பூந்தொட்டிகளைப் படம் பிடித்துவிட்டு ஜனங்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். நான்காவது தெருவில் வரிசையே இல்லை. தெரு நடுவில் ஒரே ஒரு வீட்டுக் கதவு மட்டும் அகலத் திறந்திருந்தது. எலாதியோ எட்டிப் பார்த்தான். வெள்ளையடித்த முற்றம், ஒரு கிணறு, சுவரில் நீலத் தொட்டிகளில் ஜெரானியம். நடுவில் நீள மேசை. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுவால் குழம்பு கொதித்து இறங்கிய வாசனை வாசல்வரை வந்து கையைப் பிடித்து இழுத்தது.

"இதுதான்!" என்றான் எலாதியோ. தங்கம் தோண்டி எடுத்தவன் குரல்.

நேராக உள்ளே நுழைந்து, மேசைத் தலைமாட்டில் இருந்த அறுபது வயது அம்மாளிடம், "வணக்கம். மூணு பேருக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டான்.

அந்த அம்மாள் கையில் ரொட்டிக் கத்தியோடு அவனைப் பார்த்தாள். பிறகு மேசையின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. முன்னால் மூன்று தட்டு, மூன்று கோப்பை, மடித்த துணி, எல்லாம் தயாராக. அவள் வாசற்கதவை ஒரு முறை, சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தாள்.

"இருக்கு ராசா" என்றாள் கடைசியில். "உக்காருங்க."

பக்கத்திலிருந்த பெரியவர் வாயைத் திறந்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் அப்படியே மூடிக்கொண்டார்.

எலாதியோ கிணற்றைப் பார்த்த நாற்காலியைத் தனக்கு எடுத்துக்கொண்டான். "பட்டியல் வேண்டாம்" என்று கையை ஆட்டினான். "உங்க இஷ்டத்துக்குப் போடுங்க. எங்களுக்கு எல்லாம் தெரியும்."

முதலில் சல்மொரேஹோ வந்தது. தக்காளியும் ரொட்டியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வழுவழுவென்று அரைத்த குளிர்ந்த கூழ், மேலே துருவிய அவித்த முட்டை. முதல் கரண்டி உள்ளே போனதும் கசில்டாவுக்குக் கண் கலங்கியது. இரண்டாவது கரண்டியில் உலகத்தின் மேல் இருந்த கோபம் தணிந்தது. மூன்றாவது கரண்டிக்கு ரொட்டியை எடுக்கக் கை நீட்டியபோதுதான், ரொட்டிக் கூடைக்கும் உப்புக் கிண்ணத்துக்கும் நடுவில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

கசில்டா இருபது வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள். இரத்தக் கொதிப்பு மாத்திரை, ஐந்து மில்லிகிராம், மதியச் சாப்பாட்டுக்கு முன். எந்த உணவகமும் அதைச் சாப்பாட்டோடு பரிமாறுவதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கொடியில் இரண்டு பனியனும் பூப்போட்ட ஓர் இரவு அங்கியும் காய்ந்துகொண்டிருந்தன. சுவரில் கல்யாணப் படம். மணப்பெண் முகம் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் முகம். அந்தப் பெரியவர் வீட்டுச் செருப்பு போட்டிருந்தார்.

கசில்டா மெல்லத் தலையைத் திருப்பினாள். அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. அம்மாள் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். சொல்லப் போகிறாயா என்று கேட்பது போல.

சொல்லியிருக்க வேண்டும். நாகரிகமான மனுஷி எழுந்து மன்னிப்புக் கேட்டு, கணவனையும் மகளையும் இழுத்துக்கொண்டு வெளியேறியிருப்பாள். ஆனால் கசில்டா நேற்றிலிருந்து வறுவல் தின்றவள். அதோடு பதினெட்டு வருஷமாக விளக்கவுரை கேட்டவள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவளுக்கு நாகரிகம் ஒன்று மட்டும்தான் பறந்தது, அதுவும் அவளே ஜன்னலைத் திறந்துவிட்டதால். ரொட்டியை எடுத்துத் தட்டைத் துடைத்தாள்.

"ஒயின் கொஞ்சம் கொண்டு வாப்பா" என்று எலாதியோ பெரியவரைப் பார்த்து விரலைச் சொடுக்கினான்.

வீட்டுக்காரரான அந்தப் பெரியவர், பெயர் மாத்தியாஸ், மனைவியின் முகத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு எழுந்து உள்ளே போய், மொந்தீயா ஒயின் குப்பியோடு வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அவர்கள் மகன் வாயைத் துணியால் பொத்திக்கொண்டான். மருமகள் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் வந்தது. எலாதியோ அதை மகனுக்கும் மருமகளுக்கும் விளக்கினான். இந்த ஊரில் கத்தரிக்காயை எப்படி நறுக்குவார்கள், எந்த எண்ணெயில் போடுவார்கள், உப்பு நீரில் எவ்வளவு நேரம் ஊறவேண்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்பவனைப் பார்த்திருக்கிறோம். இவன் கொல்லன் பட்டறைக்குள்ளேயே புகுந்து, கொல்லனின் சம்மட்டியைப் பிடுங்கி, இதைப் பிடிக்க வேண்டிய முறை இது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீங்க அடிக்கடி இங்க வருவீங்களா?" என்று மகனைக் கேட்டான்.

"முப்பத்திரண்டு வருஷமா" என்றான் மகன்.

"பாத்தியா!" என்று கசில்டாவிடம் திரும்பினான். "வாடிக்கைன்னா இது."

ஹிமேனா கழிவறைக்குப் போய்விட்டு வந்தாள். கண் இரண்டும் தட்டு அகலத்துக்கு விரிந்திருந்தன. அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, போற வழியில ஒரு கட்டில் இருக்கு. அதுல பூனை தூங்குது. பல்லு ஒரு டம்ளர்ல இருக்கு."

"தெரியும்டி. சாப்பிடு."

"அப்பாவுக்கு?"

"அப்பாவுக்குத் தெரியாதது எதுவுமே கிடையாதே. சாப்பிடு."

குழம்பு வந்தபோது எலாதியோவே சற்று நேரம் பேச்சை நிறுத்தினான். இறைச்சி எலும்பை விட்டுத் தானாக வழுக்கியது. பாதித் தட்டு காலியானபின் தொண்டையைச் செருமிக்கொண்டு சமையல்காரரைப் பாராட்ட வேண்டும் என்றான்.

"நான்தான்" என்றாள் அம்மாள். "ஃபுவென்சாந்தா."

"பிரமாதம். ஒரே ஒரு யோசனை. கூழ்ல வினிகர் ஒரு சொட்டு கூட்டலாம். எங்க வீட்ல அப்படித்தான்."

அவர்கள் வீட்டில் அந்தக் கூழ் காகிதப் பெட்டியில் வரும். கசில்டா அதைச் சொல்லவில்லை.

"எழுதி வெச்சிக்கிறேன் ராசா" என்றாள் ஃபுவென்சாந்தா. அவள் கண் மறுபடி வாசலுக்குப் போனது. இது எட்டாவது தடவை. கசில்டா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த மூன்று தட்டும் வேறு யாருக்கோ வைத்தவை என்பது அவளுக்கு அப்போதுதான் சுருக்கென்று தைத்தது.

வாசலில் நிழல் தட்டியது. ஃபுவென்சாந்தா பாதி எழுந்தேவிட்டாள். வந்தது பூ பார்க்கும் ஒரு வெளிநாட்டு ஜோடி. தலையை நீட்டி, "உள்ளே வரலாமா?" என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்கள். வீட்டுக்காரர்கள் வாய் திறப்பதற்குள் எலாதியோ கையை உயர்த்தினான்.

"இடமில்ல! நிறைஞ்சாச்சு! சுற்றுலா ஆளுங்களுக்கு அந்தப் பக்கம் கடை நிறைய இருக்கு!"

அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஃபுவென்சாந்தா மெதுவாக உட்கார்ந்தாள்.

இனிப்பும் தின்று, விரலில் ஒட்டிய சர்க்கரையையும் நக்கி முடித்தபின் எலாதியோ நாற்காலியில் சாய்ந்து, காற்றில் பேனாவால் எழுதுவது போல் சைகை காட்டினான்.

"அம்மா, பில்லு!"

மருமகளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒயின் மூக்கு வழியாக வந்தது. மகன் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான். மாத்தியாஸ் மட்டும் சிரிக்காமல் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பில்லு ராசா?" என்றாள் ஃபுவென்சாந்தா. "இது எங்க வீடு."

"தெரியும், வீட்டு மாதிரி இடம்னு..."

"மாதிரி இல்ல. வீடேதான். அது எங்க கொடி. அது என் நைட்டி. நீங்க விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டது என் புருஷனை. நாப்பது வருஷமா நான் ஒரு தண்ணி எடுத்துட்டு வாங்கன்னா அசைய மாட்டார். உங்களுக்கு ஓடுறார். அதுக்காகவே உங்களை இன்னும் ரெண்டு நாள் வெச்சிக்கலாம்னு தோணுது."

எலாதியோவின் முகத்தில் நிறம் ஒவ்வொன்றாக இறங்கியது. கொடியைப் பார்த்தான். கல்யாணப் படத்தைப் பார்த்தான். மாத்தியாஸின் வீட்டுச் செருப்பைப் பார்த்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"மாத்திரை அட்டையைப் பாத்ததுலேர்ந்து."

"எப்போ?"

"கூழு."

"எனக்கும் தெரியும்" என்றாள் ஹிமேனா. "நான் கத்தரிக்காய்."

அவன் எழுந்தான். பர்ஸை எடுத்தான், மாத்தியாஸ் அதைப் பார்த்த பார்வையில் உள்ளே வைத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கிணற்றடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இந்தக் காட்சியைத்தான் கசில்டா ஒரு மணி நேரமாக ருசித்துக் காத்திருந்தாள். வந்ததும் அவ்வளவு ருசிக்கவில்லை. பின்னாலிருந்து பார்க்க அவன் சட்டைக் கழுத்துப்பட்டை ஒரு பக்கம் மடிந்திருந்தது. புது ஊரில் போட வாங்கிய சட்டை. அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"உங்க ரெண்டு பேரையும் நல்லா சாப்பிட வெக்கணும்னுதான் நினைச்சேன்" என்றான் கிணற்றுக்குள் பார்த்தபடி. "நிஜமாவே."

"சாப்பிட்டோமே."

"அந்த ஆளை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டேன் கசில்டா."

"பாத்தேன்."

"நீ சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். அவன் கழுத்துப்பட்டையை நிமிர்த்திவிட்டாள்.

அவள் திரும்பி வந்து ஃபுவென்சாந்தாவிடம், "யாருக்கு வெச்ச தட்டும்மா அது?" என்று கேட்டாள்.

கதையைக் கேட்டபோது கசில்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஃபுவென்சாந்தாவுக்கு ஒரு தம்பி, அசிஸ்க்ளோ. இரண்டு தெரு தள்ளி வீடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த முற்றத்தை இருவரும் சேர்ந்து போட்டிக்கு வைத்தார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. உலகத்தில் இதைவிடக் கெட்ட பரிசு கிடையாது. ஒன்றுமே கிடைக்காதிருந்தால் நடுவர்களைத் திட்டிவிட்டு ஒற்றுமையாக இருந்திருப்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, அக்கா தம்பியின் வெள்ளையடிப்பைக் குறை சொன்னாள்; தம்பி, உச்சிவெயிலில் தண்ணீர் ஊற்றிப் பூவைச் சாகடித்தது அக்கா என்றார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

"இந்த வாரம் நானே போன் பண்ணேன்" என்றாள் ஃபுவென்சாந்தா. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடான்னேன். சரின்னான். ரெண்டு மணிக்குச் சோறு. மூணு மணி, மூணரை... இன்னும் அஞ்சு நிமிஷம் அந்த நாற்காலி காலியா இருந்திருந்தா இந்த மனுஷன் என்னைப் பாத்துப் பாவம்னு சொல்லியிருப்பார். அதை என்னால தாங்க முடியாது. அப்பத்தான் உங்க வீட்டுக்காரர் வந்து, சரியா மூணு பேருக்கு இடம் கேட்டார். கடவுள் அனுப்பினானோ சாத்தான் அனுப்பினானோ, தட்டு வீணாகலையேன்னு உக்கார வெச்சேன்."

"இன்னொரு தடவை போன் பண்ணிப் பாக்கலாமே."

"ரெண்டாவது தடவையா? அது கால்ல விழற மாதிரி."

கிணற்றடியிலிருந்து எலாதியோ திரும்பினான். "நான் போறேன்" என்றான். "குழம்பு மிச்சம் இருந்தா குடுங்க. கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன்."

ஃபுவென்சாந்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு வந்தாள்.

எலாதியோ பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்க, கசில்டா கூடவே போனாள். இரண்டு தெரு தள்ளிப் பச்சைக் கதவு. தட்டியதும் அரை நொடியில் திறந்தது, கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தது போல. உள்ளே ஒரு மனிதர்: கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, படிய வாரிய தலை, பளபளவென்று துடைத்த சப்பாத்து. அவருக்குப் பின்னால் அவர் மனைவி காதில் தொங்கட்டானும் கையில் பூங்கொத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பூக்கள் வாடியிருந்தன.

"யாரு நீங்க?" என்றார் அசிஸ்க்ளோ.

எலாதியோவிடம் பத்தொன்பது பக்கத்தில் இதற்கு விடை இல்லை. "நான்... உங்க நாற்காலியில உக்காந்து சாப்பிட்டவன்" என்றான்.

"என்னது?"

"தெரியாம நுழைஞ்சிட்டேன். ஹோட்டல்னு நினைச்சி. உங்க அக்கா சாப்பாடு போட்டாங்க. இது மிச்சம். மூணரை மணி வரைக்கும் உங்களுக்காக வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"பாத்துக்கிட்டு இருந்தாளா?" மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "கேட்டீங்களா? பாத்துக்கிட்டு இருந்தாளாம்! இந்த மனுஷன் பன்னெண்டு மணிலேர்ந்து சப்பாத்து மாட்டி உக்காந்திருக்கார்மா. போலாம் வாங்கன்னா, இரு, இன்னொரு தடவை கூப்பிடட்டும், ஒரு தடவை கூப்பிட்டா அது மரியாதைக்குன்னு சொல்றார். பையன் பசி தாங்காம சிநேகிதன் வீட்டுக்கே போயிட்டான்."

அசிஸ்க்ளோ இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவர் மனசு வேறொரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"எந்த நாற்காலி?" என்றார்.

"கிணத்தைப் பாத்த மாதிரி..."

"அது எங்க அப்பா நாற்காலி!" குரல் தெருவின் கடைசிவரை போனது. "ஆறு வருஷமா நானே அதுல உக்காரல! எங்கிருந்து வர்றீங்க நீங்க?"

"புர்கோஸ்."

"புர்கோஸ்!" சந்திரனிலிருந்து வந்தவன் என்றிருந்தால்கூட மன்னித்திருப்பார் போலிருந்தது. "எங்க அப்பா நாற்காலியில ஒரு புர்கோஸ்காரனை உக்கார வெச்சாளா அவ? இதை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

தொப்பியைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார். பின்னால் மனைவி பூங்கொத்தோடு, அதற்குப் பின்னால் எலாதியோ பாத்திரத்தோடு, கடைசியில் கசில்டா. ஊர்வலம் போவதைப் பார்த்த இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் இதுவும் திருவிழாவில் சேர்த்தி என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

முற்றத்துக்குள் அவர் நுழைந்தபோது ஃபுவென்சாந்தா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் நின்றார்கள். ஆறு வருஷம் கழித்துத் தம்பி அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை, "கண்டவனையெல்லாம் அந்த நாற்காலியில உக்கார வெப்பியா?"

"நீ வரல. அவர் வந்தார்."

"நீ கூப்பிடல!"

"செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன்!"

"செவ்வாய்க்கிழமை கூப்பிட்டதுக்கு ஞாயித்துக்கிழமை எவன் வருவான்?"

"சுண்ணாம்பைத் தீத்தித் தீத்தி அடிச்சிட்டு இப்ப பேச வந்துட்டான்!"

"உச்சிவெயில்ல பூவுக்கு வெந்நீர் ஊத்தினவ பேசுறா!"

அரை மணி நேரம் நடந்தது. ஆறு வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார்கள். நடுவில் எப்போதென்று யாரும் பார்க்கவில்லை, அசிஸ்க்ளோ அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். எப்போதென்று யாரும் பார்க்கவில்லை, அவர் முன்னால் சூடாக்கிய குழம்பு வந்துவிட்டிருந்தது. திட்டிக்கொண்டே தின்றார். அவள் திட்டிக்கொண்டே போட்டாள். அவர் மனைவியும் ஃபுவென்சாந்தாவின் மருமகளும் பூங்கொத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டு ஒரு மூலையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க" என்று அசிஸ்க்ளோ திடீரென்று எலாதியோ பக்கம் கரண்டியை நீட்டினார். "வெளியூர் ஆளு, நடுநிலையா சொல்லுங்க. அந்தச் சுவத்தைப் பாருங்க. தீத்தின மாதிரியா இருக்கு?"

முற்றமே அவனைப் பார்த்தது. கசில்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பைப் பற்றி அவள் கணவன் அரை மணி நேரம் பேசக்கூடியவன். மூன்றாவது பக்கத்தில் அதற்கு ஒரு துணைத்தலைப்பே இருந்தது.

எலாதியோ சுவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான்.

பதினெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு சம்மதமா என்று பாதிரியார் கேட்டபோதுகூட அவன் ஆம் என்பதோடு நிறுத்தாமல் ஒரு விளக்கம் சேர்த்தவன். ஹிமேனா கைப்பேசியை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

அன்று அவர்களை ஆறு மணிவரை விடவில்லை. ஃபுவென்சாந்தா காப்பி போட்டாள், மாத்தியாஸ் எலாதியோவைத் தனியாக அழைத்துப் போய் ஒயின் பீப்பாயைக் காட்டி, முழுசாக மூன்று வாக்கியம் பேசினார். கசில்டா பாத்திரம் கழுவினாள். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, அவளுக்கு அது பிடித்திருந்தது. கிளம்பும்போது ஃபுவென்சாந்தா அவள் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தமிட்டு, தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆற்றங்கரையில், வாசலில் ஆள் நின்று கூப்பிட்ட கடையில், படம் போட்ட பட்டியலைப் பார்த்து, மூன்று பேரும் முட்டை வறுவல் சாப்பிட்டார்கள். சுமாராகத்தான் இருந்தது. எலாதியோ ஒரு குறையும் சொல்லவில்லை. மனிதன் மாறிவிட்டானோ என்று கசில்டாவுக்குச் சற்று பயம்கூட வந்தது. மத்ரித்தில் ரயில் மாறியபோது அந்தப் பயம் தெளிந்தது. எதிர் இருக்கைக்காரரிடம், கோர்தோபாவில் உண்மையான சாப்பாடு வேண்டுமென்றால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்றும், அதற்கென்று தனி வழிமுறை இருக்கிறது என்றும் அவன் ஆரம்பித்திருந்தான். கசில்டா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடித்தாள். ஹிமேனா உண்மையாகவே தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரத்தில், ஃபுவென்சாந்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. குசலம் விசாரிக்கக்கூட அவள் காத்திருக்கவில்லை.

"கண்ணு, உன் வீட்டுக்காரர் செஞ்ச வேலையைப் பாத்தியா? அந்தத் தடியன் தினமும் வந்து உக்காந்துடறான். நேத்து மூணு தட்டு சாப்பிட்டான். வாயைத் திறந்தா சுண்ணாம்புப் பேச்சு. ஆறு வருஷம் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?"

"இப்ப என்ன பண்ணலாம்கிறீங்க?" என்றாள் கசில்டா.

"என்ன பண்றது" என்றாள் ஃபுவென்சாந்தா. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், அடித்தொண்டையில், சோறு எப்போ என்று கத்தியது. "இரு, வச்சிடறேன். இவன் வந்துட்டான். சோத்தைப் போடலேன்னா தெருவைக் கூட்டிடுவான்."